இன்குபேட்டரில் வெப்பநிலை துள்ளுகிறதா? கையால் சால்டர் செய்த போர்டில் கோளாறைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

தெர்மாகோல் பெட்டி, 40 வாட் பல்பு, ஒரு சின்ன ஃபேன், ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன கட்டுப்பாட்டு போர்டு), எல்எம்35 வெப்பநிலை சென்சார், 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). வீட்டில் நாட்டுக்கோழி முட்டை பொரிக்க இன்குபேட்டர் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சாமான்களில்தான் தொடங்குகிறார்கள். சால்டர் இல்லாமல் ஒயரைச் செருகும் பிரெட்போர்டில் ஒழுங்காக ஓடுகிறது. துளைகள் நிறைந்த டாட் போர்டுக்கு மாற்றி, கையால் சால்டர் செய்து, பெட்டிக்குள் பொருத்தியதும் திரையில் 37.1, 38.6, 36.2, 41 என்று எண்கள் துள்ள ஆரம்பிக்கின்றன. ரிலே டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது. முட்டைக்குத் தேவை 37.5 டிகிரி, அதுவும் 21 நாள் விடாமல். இந்த நிலையில் முட்டையை உள்ளே வைக்க முடியாது.

இந்த இடத்தில் பலரும் கணினியைத் திறந்து, நிரலில் நூறு அளவீடுகளுக்குச் சராசரி எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். துள்ளல் எப்படிப்பட்டது, எப்போது வருகிறது என்பதுதான் கோளாறு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரே சாட்சி. சராசரி எடுத்தால் அந்தச் சாட்சி அழிந்துபோகும். அதோடு, ரிலே ஓடும்போது மட்டும் 3 டிகிரி கூடுதலாகக் காட்டும் போர்டில் ஆயிரம் அளவீடுகளுக்குச் சராசரி எடுத்தாலும் அந்த 3 டிகிரி அப்படியேதான் இருக்கும்.

தொடங்கும் முன் ஒன்று. பெட்டியில் 230 வோல்ட் ஓடுகிறது. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் பல்பு, ஃபேன் ஒயர்களைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டே செய்யுங்கள். ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) மட்டும் இயங்கினால் போதும். 230 வோல்ட் ஒயரை டாட் போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அதன் புள்ளிகளுக்கு இடையே வெறும் 2.54 மில்லிமீட்டர்தான், அதிலும் பாதியைச் செம்பு வளையமே எடுத்துக்கொள்கிறது. திருகு டெர்மினல் உள்ள தனி ரிலே மாட்யூலை வாங்கி, மெயின்ஸ் முழுவதையும் அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கணக்குப் போடாத மூல எண்ணைப் பாருங்கள்

டிகிரிக் கணக்கை மறந்துவிட்டு, அனலாக்ரீட் கட்டளை தரும் 0 முதல் 1023 வரையிலான எண்ணை அப்படியே சீரியல் பிளாட்டருக்கு (எண்களைக் கணினித் திரையில் வரைபடமாகக் காட்டும் ஆர்டுயினோ வசதி) அனுப்பும் நாலு வரி நிரல் எழுதுங்கள். எல்சிடி, பட்டன், ரிலே தர்க்கம் எதுவும் அதில் வேண்டாம். ரிலேயை மட்டும் பத்து விநாடிக்கு ஒருமுறை ஆன், ஆஃப் செய்யட்டும். ரிலே ஆன் ஆகும் நேரத்தை இன்னொரு கோடாக அதே வரைபடத்தில் காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. நானோவில் உள்ள ஏடிமெகா328பி சிப் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி என்பது 4.88 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆக ஒரு படிக்கு ஏறக்குறைய அரை டிகிரி. 37.5 டிகிரியில் சென்சார் தருவது 375 மில்லிவோல்ட். அது 76ஆம் படிக்கும் 77ஆம் படிக்கும் நடுவில் விழுகிறது. 76 என்றால் 37.1, 77 என்றால் 37.6. எனவே எண் இந்த இரண்டுக்கும் இடையே மட்டும் மாறிக்கொண்டிருந்தால் உங்கள் சால்டரிங்கில் ஒரு குறையும் இல்லை. அளக்கும் கோலின் கோடுகள் பெரிது, அவ்வளவுதான். நேராகப் படி 7க்குப் போய்விடலாம்.

அதைவிடப் பெரிய துள்ளல் என்றால் வரைபடத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். ரிலே ஆன் ஆகும் அதே நொடியில் கோடு படிக்கட்டு போல ஏறி, ஆஃப் ஆனதும் இறங்கினால் கிரவுண்டு (0 வோல்ட் கம்பி) அல்லது சப்ளைக் கோளாறு. நேரம் காலம் இல்லாமல் திடீரென்று பெரிதாகக் குதித்துத் திரும்பினால் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத சால்டர் முனை) அல்லது லூஸ் காண்டாக்ட். விடாமல் மேலும் கீழும் தடிமனான பட்டையாக ஓடினால் மெயின்ஸ் இரைச்சல், அல்லது நீளமான ஒயரால் சென்சாரின் வெளியீடே அதிர்வது. 200, 450, 600 என்று எங்கெங்கோ அலைந்து, கையைக் கிட்டே கொண்டுபோனால் மாறினால், நானோவில் சென்சார் இணையும் ஏ0 பின்னில் ஒன்றுமே இணைந்திருக்கவில்லை, ஒயர் அறுந்திருக்கும். மணிக்கணக்கில் மெதுவாக நகர்ந்தால் ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பேஸ்ட்) கசிவைச் சந்தேகியுங்கள்.

படி 2: சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு பேட்டரியை வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் ஏஏ பேட்டரியைவிட இரைச்சல் இல்லாத மின்மூலம் ஒரு ஹாபிக்காரரிடம் இருக்காது. ஏ0 பின்னுக்கு வரும் ஒயரைக் கழற்றுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸை ஏ0வுக்கும் மைனஸை நானோவின் கிரவுண்டு பின்னுக்கும் நேராகக் கொடுங்கள். எண் 307க்குப் பக்கத்தில் வர வேண்டும். புது பேட்டரி என்றால் 320ஐத் தாண்டலாம். எத்தனை என்பதைவிட, அசையாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ரிலே ஆன் ஆகும்போதும் ஆஃப் ஆகும்போதும் எண் அப்படியே நின்றால் நானோவும் அதன் 5 வோல்ட்டும் நல்லபடியாக இருக்கின்றன. பேட்டரி எண்ணே ரிலேயோடு சேர்ந்து ஏறி இறங்கினால் சப்ளைதான் குற்றவாளி, படி 3க்குப் போங்கள்.

சப்ளை தப்பித்ததா? சரி, இப்போது பேட்டரியைச் சென்சார் இருந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய ஏ0 ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, எல்எம்35இன் நடுக்கால் இருந்த புள்ளியில் பிளஸ், கிரவுண்டு கால் இருந்த புள்ளியில் மைனஸ். இதுவரை சோதிக்காத ஒயர்களும் சால்டர் முனைகளும் இப்போது பாதையில் வந்துவிட்டன. இங்கே துள்ளினால் கோளாறு இந்த வழியில்தான். இங்கேயும் அசையாமல் நின்றால் மிச்சம் இருப்பது எல்எம்35, அதன் கால்கள், அதற்குப் போகும் 5 வோல்ட், இவை மட்டுமே. பத்தே நிமிடத்தில் தேட வேண்டிய இடம் பாதியாகவும், பிறகு காலாகவும் சுருங்கிவிடும்.

5 வோல்ட்டை இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பாதியாக்கி இதே சோதனையைச் செய்யச் சிலர் சொல்வார்கள். அது இங்கே உதவாது. 5 வோல்ட் ஆடினால் அந்தப் பாதியும் அதே விகிதத்தில் ஆடும், நானோ 512ஐயே காட்டிக்கொண்டிருக்கும். சப்ளையின் தவறு மறைந்துவிடும்.

படி 3: 5 வோல்ட் உண்மையில் 5 வோல்ட்டா?

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, நானோவின் 5வி பின்னுக்கும் கிரவுண்டு பின்னுக்கும் இடையே அளங்கள். ரிலே ஆஃபில் 5.0, ஆனில் 4.7 என்று காட்டினால் துள்ளலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சென்சார் தரும் மில்லிவோல்ட் மாறவில்லை, அளக்கும் கோல் சுருங்கிவிட்டது. அதனால் 37.5 டிகிரி உங்கள் திரையில் 39.9 ஆகத் தெரியும். சூடு அதிகம் என்று நினைத்து நிரல் ரிலேயை அணைக்கும். அணைந்ததும் சப்ளை ஏறும், 37.5 சரியாகத் தெரியும், ரிலே திரும்ப ஆன் ஆகும். டக் டக் சத்தம் பிறப்பது இப்படித்தான்.

முதலில் மெல்லிய யுஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். பிறகு சார்ஜர். 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 மில்லிஆம்பியர் எடுக்கும், ஃபேனும் அதே சப்ளையில் இருந்தால் இன்னும் கூடும். ரிலே மாட்யூலின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, எல்எம்35இன் இரண்டு சப்ளைக் கால்களுக்கும் மிக அருகில் 104 என்று அச்சிட்ட 100 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்று. இந்த இரண்டும் இல்லாத போர்டை முடிந்த போர்டு என்று நான் எண்ணுவதில்லை. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்யூலில் அது ஏற்கெனவே இருக்கும். வெறும் ரிலேயை டிரான்சிஸ்டரால் ஓட்டினால் நீங்கள்தான் போட வேண்டும்.

படி 4: கிரவுண்டில் ஒளிந்திருக்கும் மில்லிவோல்ட்

கையால் செய்த போர்டுகளில் அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். கண்டின்யூட்டி சோதனையில் (இணைப்பு இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும் சோதனை) மாட்டவே மாட்டாது என்பதால்தான் இவ்வளவு அலைச்சல்.

டாட் போர்டில் கிரவுண்டை எப்படி இழுக்கிறோம்? நானோவிலிருந்து ஒரு கம்பி, அது எல்எம்35ஐத் தொட்டு, அப்படியே எல்சிடி, கடைசியில் ரிலே. வரிசையாக ஒரே பாதை. இந்தப் பாதையில் நானோவுக்கும் எல்எம்35க்கும் நடுவே ஒரு முனையில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் பீப் அடிக்கும். பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தால்கூட அடிக்கும். ஆனால் ரிலேயின் 70 மில்லிஆம்பியர் அந்த அரை ஓம் வழியாகத் திரும்பும்போது அங்கே 35 மில்லிவோல்ட் விழுகிறது. எல்எம்35இன் கிரவுண்டு அவ்வளவு மேலே தூக்கப்படுகிறது. உங்கள் திரையில் அது 3.5 டிகிரி. அரை ஓம் வேண்டாம், 0.1 ஓம் என்றாலும் 0.7 டிகிரி. முட்டைக்கு அதுவே அதிகம்.

அளக்கும் முறை எளிது. மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு முனை நானோவின் கிரவுண்டு பின்னில், சிவப்பு முனை எல்எம்35இன் கிரவுண்டு காலில். பீப் சோதனை போலச் சப்ளையை அணைக்கக் கூடாது. எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ரிலே ஆனில் இருக்க வேண்டும். ஒரு மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 5, 10, 30 என்று காட்டினால் சிவப்பு முனையை ஒவ்வொரு சால்டர் முனையாக நானோவை நோக்கி நகர்த்துங்கள். எந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் கெட்ட சால்டர்.

அதைச் சரிசெய்தால் மட்டும் போதாது, பாதையையே மாற்றுங்கள். நானோவின் கிரவுண்டு பின்னிலிருந்து எல்எம்35க்கு ஒரு தனிக் கம்பி. அதில் வேறு எதுவும் தொடக் கூடாது. ரிலேயின் கிரவுண்டும் 5 வோல்ட்டும் சப்ளை நுழையும் இடத்திலிருந்தே பிரிந்து போகட்டும். அப்போது ரிலே மின்னோட்டம் சென்சாரின் பாதையில் நடக்கவே நடக்காது, முனை கொஞ்சம் சுமாராக இருந்தாலும் அளவு கெடாது. ஒப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) உள்ள ரிலே மாட்யூலில் ஜேடி-விசிசி ஜம்பர் (காயில் சப்ளையை இணைக்கும் சின்னச் செருகி) இருந்தால் அதைக் கழற்றி, காயிலுக்குத் தனிச் சப்ளை கொடுப்பது இன்னும் மேல்.

படி 5: சால்டர் முனைகளைப் பரிசோதியுங்கள்

இதற்குக் கண், வெளிச்சம், மொபைல் கேமராவின் ஜூம் போதும். நல்ல முனை கூம்பு போல இருபக்கமும் சரிந்து, பின்னையும் செம்பு வளையத்தையும் ஒட்டிப் படிந்திருக்கும். உருண்டையாக மணிபோல் உட்கார்ந்திருந்தால் அடியில் பிடிக்கவில்லை. பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் விரிசல். மங்கலாகச் சொரசொரப்பாக இருப்பது 60/40 ஈயத்தில் டிரை சால்டரின் அடையாளம். ஈயமில்லாச் சால்டர் இயல்பாகவே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கண்ணுக்குத் தப்பியது அசைத்தால் மாட்டும். பிளாட்டர் ஓடட்டும். மரக்குச்சியாலோ காய்ந்த ரீஃபில் குழாயாலோ ஒவ்வொரு பின்னையும் ஒயரையும் மெல்லத் தள்ளுங்கள். விரலோ இடுக்கியோ வேண்டாம்; உங்கள் உடம்பே மெயின்ஸ் இரைச்சலைக் கொண்டுவந்து கோட்டைக் கலைக்கும். எதைத் தொடும்போது கோடு குதிக்கிறதோ அந்த இடத்தை மார்க்கரால் குறியுங்கள். நானோவின் பின்களைச் செருகும் பெண் ஹெடர், ஜம்பர் ஒயரின் முனை, திருகு டெர்மினல் மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

திருத்தும்போது பழைய உருண்டையின் மேல் புது ஈயத்தை வைத்து மெழுகாதீர்கள். பழையதைச் சக்கரிலோ செம்புப் பின்னலிலோ உறிஞ்சி எடுங்கள். காலில் கறுப்புப் படிந்திருந்தால் கத்தி முனையால் சுரண்டுங்கள். அயர்ன் முனையைப் பின்னும் வளையமும் சேரும் இடத்தில் வைத்துச் சூடேற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைக் கொடுங்கள். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். அயர்ன் 320 முதல் 350 வரை இருந்தால் இரண்டு மூன்று விநாடியில் வேலை முடியும். எடுத்தபின் ஈயம் உறையும்வரை ஒயர் அசையக் கூடாது. டிரை சால்டருக்கு இந்த அசைவே பெரிய காரணம். எத்தனை முறை முயன்றும் ஒயரில் ஈயம் ஒட்டாமல் உருண்டால் அது செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருக்கலாம். ஒயரை மாற்றிவிடுங்கள், போராட வேண்டாம்.

இனி ஃபிளக்ஸ். சின்ன டப்பாவில் வரும் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருந்தால் போர்டின் அடியில் பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். காய்ந்த அறையில் அது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். இன்குபேட்டருக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல். அந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். எல்எம்35இல் 5 வோல்ட் காலும் வெளியீட்டுக் காலும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இந்தச் சிப்பால் மின்னோட்டத்தை வெளியே தர முடியும். உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. அதனால் 5 வோல்ட்டிலிருந்து கசியும் துளி மின்னோட்டம்கூட அளவை மேலே தள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷை நனைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் ஃபிளக்ஸ் கரைந்து போர்டு முழுக்கப் பரவிக் காயும். சென்சாரின் கால்களுக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். முடிந்தால் போர்டையே பெட்டிக்கு வெளியே வைத்து, சென்சாரை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

படி 6: சென்சாரின் நீண்ட ஒயர்

வெளியே வைத்தால் ஒயர் நீளும், அதற்கு ஒரு பரிகாரம் வேண்டும். நீண்ட ஒயர் ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்ளும். எல்எம்35 தன் வெளியீட்டில் சுமார் 50 பிக்கோஃபாரட்டுக்கு மேல் நேராகத் தாங்காமல் அதிரத் தொடங்கலாம். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று 104ஐ நேராக வெளியீட்டுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போடுவதும் இதே காரணத்தால் தவறு. சென்சார் பக்கத்திலேயே வெளியீட்டுக் காலோடு தொடராக 2 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அதன் பிறகு ஒயர். நானோ பக்கம் ஏ0வுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 போடுங்கள். இப்போது சென்சாரும் அதிராது, நானோவுக்கும் இரைச்சல் வடிகட்டப்பட்டுப் போகும்.

மூன்று கம்பிகளையும் முறுக்கிக் கொண்டுபோங்கள். மைக்குக்குப் பயன்படும் ஷீல்டு கேபிள் இருந்தால் இன்னும் நல்லது. ஷீல்டை நானோ பக்கம் மட்டும் கிரவுண்டோடு சேருங்கள். பல்பு ஒயரோடு சேர்த்து ஒரே டேப்பில் கட்டாதீர்கள். லேப்டாப்பில் பார்த்தால் மட்டும் துள்ளுகிறது என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். துள்ளல் நின்றால் இரைச்சல் சார்ஜரிலிருந்து வந்தது, உங்கள் போர்டு நிரபராதி.

படி 7: இப்போது நிரல்

வன்பொருள் அமைதியான பிறகு மூன்று வேலைகள்.

முதலில் அளவுகோலை மாற்றுங்கள். நிரலில் அனலாக்ரெஃபரன்ஸை இன்டர்னல் என்று அமைத்தால் 5 வோல்ட்டுக்குப் பதில் சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் அளவுகோலாகும். ஒரு படி 1.07 மில்லிவோல்ட், அதாவது 0.1 டிகிரி. 5 வோல்ட் ஆடினாலும் இது ஆடாது. அந்த 1.1 சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும் என்பதால், அந்த மின்னழுத்தம் வரும் ஏரெஃப் பின்னை மல்டிமீட்டரால் அளந்து, அந்த எண்ணையே கணக்கில் போடுங்கள். மாற்றியதும் வரும் முதல் சில அளவீடுகளைத் தள்ளிவிடுங்கள். ஏரெஃப் பின்னுக்கு வெளியிலிருந்து எந்த மின்னழுத்தமும் கொடுக்கக் கூடாது, சிப் போய்விடும். பேட்டரிச் சோதனைகளை இந்த மாற்றத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், 1.5 வோல்ட் இந்த அளவுகோலில் அடங்காது.

இரண்டாவது, சராசரி. எண்ணிக்கையை வைத்து எடுக்காமல் நேரத்தை வைத்து எடுங்கள். நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிவிநாடி. சரியாக 100 மில்லிவிநாடிக்கு விடாமல் அளந்து சராசரி எடுத்தால் ஐந்து முழுச் சுற்றுகள் அடங்கும். இரைச்சலின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். 30 மில்லிவிநாடிக்கு எடுத்தால் அரைச் சுற்று மிச்சம் நிற்கும். ரிலே மாறிய உடனே அளக்காமல் 50 மில்லிவிநாடி பொறுங்கள்.

மூன்றாவது, ரிலேக்கு இடைவெளி. 37.3க்குக் கீழே ஆன், 37.7க்கு மேலே ஆஃப், நடுவில் இருந்தால் முந்தைய நிலையே தொடரட்டும்.

வேறு சென்சார் வைத்திருப்பவர்களுக்கு

டிஎஸ்18பி20 இடையிடையே 85 காட்டினால் அது சப்ளை அறுந்து திரும்பத் தொடங்கியதன் அடையாளம், அல்லது 12 பிட் அளவுக்குத் தேவையான 750 மில்லிவிநாடி காத்திருக்காமல் படித்திருக்கிறீர்கள். டல்லாஸ் நூலகம் மைனஸ் 127 என்றால் சென்சார் பதிலே சொல்லவில்லை, டேட்டா ஒயரையும், அதை 5 வோல்ட்டோடு இணைக்கும் 4.7 கிலோஓம் புல்அப் ரெசிஸ்டரையும் பாருங்கள். டிஎச்டி22ஐ இரண்டு விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. நானோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்டு என்றால், அதில் வைஃபை ஓடும்போது அனலாக் அளக்கும் ஏடிசி2 பின்கள் வேலைக்கு ஆகாது, ஏடிசி1 பின்னுக்கு மாற்றுங்கள். எல்எம்35க்குக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும்; அதை 3.3 வோல்ட்டில் ஓட்டிவிட்டுச் சால்டரைக் குறை சொல்ல முடியாது.

முட்டை வைக்கும் முன்

பல்பையும் ஃபேனையும் திரும்ப இணையுங்கள். முட்டைக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில்களை அடுக்கி, ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். முட்டை இருக்கும் இடத்தில் நம்பகமான இன்னொரு தெர்மாமீட்டரை வைத்து ஒப்பிடுங்கள். எண் அசையாமல் நிற்பது வேறு, சரியாக இருப்பது வேறு. எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் அதை நிரலில் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். அந்த நாளுக்குள் ஒருமுறை நீங்களாகவே மெயினை அணைத்துப் போடுங்கள். கரண்ட் திரும்பி வந்ததும் முதல் அளவீடு சரியாக வருகிறதா, ரிலே வீணாக அடித்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு முட்டைகளை அடுக்குங்கள்.